முன்னிலை ஒருமை

ஜனவரி 12

அன்புள்ள தங்கைக்கு,

கடவுளை இனி ‘நீங்கள்’ என்று அழைப்பது என்று நம் சபைக் கமிட்டி சென்ற செவ்வாய்க்கிழமை மாலை ஆறே முக்கால் மணிக்கு, ஏழுக்கு ஆறு என்ற வாக்கு வித்தியாசத்தில் தீர்மானித்தது. பரிசோதனை முறையில், மூன்று மாதங்களுக்கு. செயலாளர் என்ற முறையில் அதைக் குறிப்பேட்டில் எழுதியவன் நான். எழுதும் முன் பேனாவை மாற்றிக்கொண்டேன்.

எட்டு வருடம் கழித்து எழுதும் முதல் கடிதத்தில் சௌக்கியம் விசாரிக்காமல் கமிட்டித் தீர்மானத்தைச் சொல்கிறானே என்று நினைப்பாய். சௌக்கியம் விசாரிக்க எனக்கு உரிமை இருக்கிறதா என்று தெரியவில்லை. தீர்மானத்தைத் தெரிவிக்க இருக்கிறது.

எல்லாவற்றுக்கும் காரணம் என் மகள். நீ பார்த்ததில்லை. ஏழு வயது. வீட்டில் குண்டூசி என்று கூப்பிடுகிறோம். எங்கே கிடக்கிறாள் என்று தெரியாது, குத்தும்போதுதான் தெரியும். ஞாயிறு பள்ளியில் கடவுளைப் படமாக வரையச் சொல்லியிருக்கிறார்கள். மற்றப் பிள்ளைகள் தாடி, மேகம், சூரியன் என்று போட்டிருக்க, இவள் ஒரு தம்ளர் தண்ணீர் வரைந்திருக்கிறாள்.

“இது என்னம்மா?” என்று கேட்டிருக்கிறார் டீச்சர்.

“கடவுள்.”

“கடவுள் எப்படிம்மா தண்ணி ஆவாரு?”

“நீங்கதான மிஸ் பாடச் சொல்றீங்க? நீரே, நீரேன்னு. நீர்னா தண்ணி. சயின்ஸ் புக்ல இருக்கு.”

டீச்சர் மேலும் விசாரித்ததில், இருபத்திரண்டு பிள்ளைகளில் பதினான்கு பேர் இதுவரை தண்ணீரைத்தான் தொழுது வந்திருக்கிறார்கள் என்று தெரிந்தது. மற்ற எட்டுப் பேர் எதையும் கவனிக்கவில்லை.

போதகர் புதியவர். முப்பத்திரண்டு வயது. கிதார் வாசிக்கத் தெரியும் என்று சொல்லிக்கொள்கிறார்கள், அவர் இதுவரை நிரூபிக்கவில்லை. அவர் சொன்னார்: “வெளிய பேச்சு மாறிப் போச்சு. நாம மட்டும் கடவுள்கிட்ட பழைய தமிழ்லயே பேசிட்டிருக்கோம். அவருக்குப் புரியும். பிள்ளைங்களுக்குத்தான் புரியல.”

கப்பல்காரர் எழுந்தார். அவரை உனக்கு நினைவிருக்கும். கப்பலில் இன்ஜினியராக இருந்து ஓய்வு பெற்று, அன்றிலிருந்து மூன்றாம் பெஞ்சில் உட்காருபவர். அந்தப் பெஞ்ச் இன்னும் ஆடுகிறது. அதைச் சரிசெய்வது பதினோரு வருடமாக நிகழ்ச்சி நிரலில் ஏழாவதாக இருக்கிறது. ஆறாவதோடு கூட்டம் முடிந்துவிடுகிறது. “கடல்ல இருந்தவனுக்கு ஆடாத பெஞ்சுதான் தலை சுத்தும்” என்று அவரும் விட்டுவிட்டார்.

“நீர்ங்கற சொல்லை நாம வேற யாருக்கும் சொல்றதில்ல. அவருக்குன்னு எடுத்து வச்சது. விருந்தாளிக்குன்னு அலமாரியில ஒரு கப்பு வச்சிருப்போமே, அந்த மாதிரி. அதைத் தூக்கிப் போட்டுட்டு தினசரி தம்ளர்ல குடுக்கச் சொல்றீங்களா?” என்றார் கப்பல்காரர். இந்தக் கப்பு ஆறு வாக்குகளைப் பெற்றது.

தீர்மானம் ஆயிற்று. ஆராதனை முறையைப் புதிய பேச்சில் யார் எழுதுவது என்றதும் எல்லோரும் ஜன்னலைப் பார்த்தார்கள். போதகர் என்னைப் பார்த்தார். “உங்க தங்கச்சி ஆஸ்பத்திரியில பேச்சுப் பயிற்சி குடுக்கறவங்கதானே? அவங்களைக் கேட்டா என்ன?” அவர் வந்து ஒன்றரை வருடம்தான் ஆகிறது. பழைய கதை தெரியாது. கப்பல்காரர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். என் கண்ணாடிக் கடையில் நான் போட்டுக் கொடுத்தது, அது துடைக்கத் தேவையில்லாமல் சுத்தமாகத்தான் இருந்தது. பிறகு “கேளுங்க” என்றார்.

கேட்கிறேன். போனில் கேட்டிருப்பேன். என் எண்ணை நீ அடைத்து வைத்திருக்கிறாய்.

அண்ணன்
(செயலாளர்)


ஜனவரி 23

ஐயா,

தங்கள் கடிதம் கிடைத்தது. சபையின் லெட்டர்பேடில் தங்களிடமிருந்து எனக்கு வருவது இது இரண்டாவது. முதலாவதை இன்னும் வைத்திருக்கிறேன். தங்களிடம் நகல் இல்லாமல் போயிருக்கலாம் என்பதால் எடுத்து எழுதுகிறேன்:

‘அம்மையீர், சபையைச் சேராத ஒருவரைப் பதிவாளர் அலுவலகத்தில் மணந்துகொண்டதன் மூலம் தாங்கள் சபை ஒழுங்கை மீறியுள்ளபடியால், தங்களது பெயர் அங்கத்தினர் பதிவேட்டிலிருந்து நீக்கப்பட்டது என்பதைத் தங்களுக்கு வருத்தத்துடன் தெரிவித்துக்கொள்கிறேன்.’

கீழே செயலாளர் கையெழுத்து. அந்தச் செயலாளரும் நானும் ஒரே சைக்கிளில் பள்ளிக்கூடம் போனவர்கள். ஒரே வாக்கியத்தில் மூன்று இடத்தில் மரியாதை.

பெயரை நீக்கியதுகூட அவ்வளவு வலிக்கவில்லை. கல்யாணத்துக்கு வராததற்கும் நானே ஏதோ சமாதானம் கண்டுபிடித்துக்கொண்டேன். அந்தத் ‘தாங்கள்’தான் உள்ளே போகவில்லை. கடவுளை ‘நீங்கள்’ ஆக்க உங்களுக்கு ஒரு தம்ளர் தண்ணீரும் ஏழு வாக்குகளும் தேவைப்பட்டிருக்கின்றன. என்னைத் ‘தாங்கள்’ ஆக்க ஒருவரும் கை தூக்க வேண்டியிருக்கவில்லை.

ஆகவே எழுதித் தருவதற்கில்லை.

ஆனால் விஷயம் என் தொழிலைத் தொடுவதால் ஒன்று சொல்கிறேன். இங்கே என்னிடம் ஒரு பஸ் டிரைவர் வருகிறார். மூளையில் ரத்தக்குழாய் அடைத்துப் பேச்சு போய்விட்டது. மனைவி பெயர் வரவில்லை. ஒன்று, இரண்டு வரவில்லை. இப்படிப்பட்டவர்களில் சிலருக்கு மனப்பாடமாக ஊறிப்போனது மட்டும் மிஞ்சும். பாட்டு மிஞ்சும், வசவு மிஞ்சும், ஜெபம் மிஞ்சும். இவருக்கு வசவும் ஜெபமும் மிஞ்சின. வசவை வைத்துப் பயிற்சி கொடுக்கப் பார்த்தேன், பக்கத்து அறையிலிருந்து புகார் வந்தது. எனவே ஜெபம். சின்ன வயதில் படித்ததாம். சர்ச்சுக்குப் போய் இருபது வருடம் ஆகிவிட்டதாம். அதிலிருந்து ஒவ்வொரு சொல்லாகக் கழற்றி வெளியே எடுத்தேன்.

இப்போது பேசுகிறார். ஆனால் எடுத்த இடத்தின் வாசனை போகவில்லை. நர்ஸிடம், “ஊசியை மெதுவாய்ப் போட்டருளும்” என்கிறார். கேன்டீன்காரரிடம், “எனக்குக் காபி தாரும், சர்க்கரையை நீக்கிப்போடும்.” வார்டே அவர் வாயைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. அவர் மனைவி என்னை ஓரமாகக் கூப்பிட்டுச் சொன்னார்: “முப்பது வருஷமா என்னை ‘ஏய்’னுதான் கூப்பிட்டாரு. இப்ப ‘நீர்’ங்கறாரு. இதுக்கு மேல குணப்படுத்த வேணாம்மா.”

நாளைக்கு உங்கள் சபையின் பதினான்கு பிள்ளைகளில் ஒருவருக்குப் பேச்சு போனால் எது மிஞ்சும் என்று கமிட்டி யோசித்ததா தெரியவில்லை.

அந்தத் தம்ளர் படம் இருந்தால் அனுப்பலாம்.

இப்படிக்கு,
பதிவேட்டில் இல்லாதவள்


பிப்ரவரி 10

அன்புள்ள தங்கைக்கு,

இது லெட்டர்பேட் அல்ல என்பதைக் கவனி. குண்டூசியின் கணக்கு நோட்டில் கிழித்தது. அவளுக்குத் தெரியாது. தம்ளர் படத்தை வைத்திருக்கிறேன். அதன் பின்பக்கம் பெருக்கல் வாய்ப்பாடு, அது என் மனைவியின் வேலை.

பரிசோதனை ஆரம்பித்து இரண்டு ஞாயிறுகள் ஆகின்றன. முதல் ஞாயிறு போதகர் கண்களை மூடி, “ஆண்டவரே, போன வாரம் முழுக்க நீங்க எங்களைப் பாத்துக்கிட்டீங்க, இந்த வாரமும் கொஞ்சம் பாத்துக்குங்க” என்று தொடங்கினார். மூன்றாம் பெஞ்ச் கிறீச்சிட்டது. கப்பல்காரர், தனக்குத்தான் சொல்லிக்கொள்வதாக நினைத்து, சபை முழுவதும் கேட்கும்படி, “என்ன, வீட்டு ஓனர்கிட்ட பேசற மாதிரி இருக்கு?” என்றார். அதற்குப் பிறகு யாராலும் வேறு மாதிரி கேட்க முடியவில்லை. நானும் வாடகை பாக்கி இருப்பதைப் போலத்தான் தலைகுனிந்து நின்றேன்.

பாட்டு இன்னும் மோசம். ‘நீரே’ இருந்த இடத்தில் ‘நீங்களே’ நுழையவில்லை. பாடகர் குழு ஓர் எழுத்து பின்னால் வந்துகொண்டே இருந்து, நாங்கள் ஆமென் சொன்ன பிறகு தனியாக ஆமென் சொன்னது.

அந்த வாரக் கூட்டத்தில் கப்பல்காரர் இலக்கணப் புத்தகத்தோடு வந்தார். “நீங்கள்ங்கறது பன்மை. ஒருத்தரைப் போயி பன்மையில கூப்பிடலாமா?”

“அது மரியாதைப் பன்மை ஐயா. அதோட, மூவர்னுதானே நாமளே சொல்றோம்” என்றார் போதகர்.

“சரி. அதுல ஒருத்தர்கிட்ட மட்டும் ஒரு விஷயம் சொல்லணும்னா?”

போதகர் பதில் யோசிப்பதற்குள் தேநீர் வந்துவிட்டது. கப்பல்காரர் விடவில்லை. ‘நீங்கள், தாங்கள் ஆகிய சொற்கள் பன்மை. தனி ஒருவரை நோக்கி எழுதவோ பேசவோ அவை செல்லாது’ என்று குறிப்பேட்டில் பதிவு செய்யச் சொன்னார். எழுதினேன். வாசித்துக் காட்டினேன். யாரும் கேட்டுக்கொண்டிருக்கவில்லை என்பதால் ஒருமனதாக நிறைவேறியது.

குண்டூசி புதுப் படம் வரைந்திருக்கிறாள். கடவுள் என் கடையில் உட்கார்ந்திருக்கிறார், மூக்கில் சோதனைக் கண்ணாடி, எதிரே எழுத்து அட்டை. “கடைக்கு வர்றவங்களத்தானப்பா நீங்கன்னு சொல்லுவ?” என்றாள்.

கடையில் நான் நாள் முழுக்கக் கேட்பது ஒரே கேள்வி. கண்ணாடிச் சில்லை மாற்றி மாற்றிப் போட்டு, “இது தெளிவா, அது தெளிவா?” கடைசியில், “ரெண்டும் ஒண்ணு மாதிரிதான் இருக்கு” என்பார்கள். சரியான எண்ணுக்குப் பக்கத்தில் வந்துவிட்டோம் என்று அதற்கு அர்த்தம். சபையில் இன்னும் யாரும் அப்படிச் சொல்லவில்லை. எல்லோருக்கும் அடுத்தவர் கண்ணாடிதான் மங்கலாக இருக்கிறது.

இனி அந்தக் கடிதம்.

அதை முதலில் ‘நீ’ என்றுதான் ஆரம்பித்தேன். கப்பல்காரர் வாசகம் சொல்லச் சொல்ல, ‘நீ சபை ஒழுங்கை மீறியிருக்கிறாய்’ என்று எழுதினேன். அடுத்த வரி ஓடவில்லை. ‘நீ’ என்று போட்டதும் நீ எதிரே வந்து உட்கார்ந்துவிட்டாய், சைக்கிள் செயினில் மாட்டிக் கிழிந்த பாவாடையோடு. அதைக் கிழித்துப் போட்டுவிட்டுத் ‘தாங்கள்’ என்று எழுதினேன். நீ எழுந்து போய்விட்டாய். பத்து நிமிடத்தில் முடிந்துவிட்டது.

மன்னிப்புக் கேட்பது எனக்கு வராது, உனக்கே தெரியும். அதனால் தகவலாகத் தெரிவிக்கிறேன்: நான் செய்தது தப்பு.

அண்ணன்


பிப்ரவரி 22

அண்ணனுக்கு,

உங்கள் தகவல் கிடைத்தது. மூன்று தடவை படித்தேன். பிறகு அவரிடம் கொடுத்தேன், அவரும் படித்தார். “உங்க அண்ணன் பயங்கரமா அழுதிருக்காரு” என்றார். எங்கே அழுதிருக்கிறார் என்று கேட்டேன். “சைக்கிள் செயின்ல” என்றார்.

நீங்கள் அவரைச் சந்தித்ததில்லை. பதிவேட்டு பாஷையில், சபையைச் சேராத ஒருவர். லிப்ட் பழுது பார்க்கிறவர். கடவுள் உண்டா என்று கேட்டால், “எனக்குத் தெரிஞ்சு மேல மெஷின் ரூம்ல யாரும் இல்ல” என்பார். ஆனால் உங்கள் தீர்மானம் அவருக்கு மிகவும் பிடித்துப்போயிற்று. சாப்பாட்டு மேஜையில் தினமும் அதே பேச்சு. “லிப்டுக்கு பட்டன் ஒண்ணுதான். மரியாதையா அமுக்குனாலும் வரும், குத்துனாலும் வரும். நின்னு வாக்கெடுத்தா மட்டும் வராது.”

நான் பிரார்த்தனையை விட்டுவிட்டேன் என்று நீங்கள் நினைத்திருப்பீர்கள். விடவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போகும் பஸ்ஸில் செய்கிறேன். ‘நீர்’ என்றும் இல்லை, ‘நீங்கள்’ என்றும் இல்லை. ‘நீ’ என்றுதான் வருகிறது. சண்டை போட வசதியாக இருக்கிறது. பதிவேட்டிலிருந்து என்னை நீக்கியபோது அங்கேயும் நீக்கிவிட்டார்களோ என்று கொஞ்ச நாள் பயந்தேன். அங்கே அப்படி ஒரு கமிட்டி இல்லை போலிருக்கிறது.

ஆனால் தனியாகப் பாட முடியவில்லை. பஸ்ஸில் பாடினால் இறக்கிவிடுவார்கள். நாலு பேரோடு நின்று, பக்கத்தில் ஒருவர் சுருதி தப்ப, அதோடு சேர்ந்து பாட வேண்டியிருக்கிறது. அதற்கு வேறு இடம் இங்கே தேடினேன். மேடை விளக்கும் புகையுமாக ஒரு பெரிய ஜெபக் கூடம் இருக்கிறது. எல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது, யாரும் சுருதி தப்பவில்லை. வந்துவிட்டேன்.

எனவே எழுதித் தருகிறேன். ஒரு நிபந்தனை. என் பெயர் பதிவேட்டில் திரும்ப வர வேண்டும். பதினான்காம் விதிப்படி நான் மன்னிப்பு விண்ணப்பம் மூன்று பிரதி கொடுக்க வேண்டும் என்பது எனக்கும் தெரியும். அரைப் பிரதிகூடக் கொடுக்க மாட்டேன். நான் கல்யாணம் செய்துகொண்டேன், வேறொன்றும் செய்யவில்லை. தப்பு யார் பக்கமோ அவர்கள் எழுதட்டும். முடியாதென்றால் நீங்களும் சங்கடப்பட வேண்டாம். தம்ளர் படத்தை மட்டும் அனுப்புங்கள்.

டிரைவர் நேற்று மனைவியைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். அந்த அம்மாள் அழுதார். பிறகு, “அந்த ‘நீர்’ போயிருமா?” என்று கேட்டார்.

தங்கை


மார்ச் 19

அன்புள்ள தங்கைக்கு,

நேற்றுக் கூட்டம். விதியை மூன்று வாரமாகத் தலைகீழாகப் படித்துப் பார்த்தேன். விண்ணப்பம் இல்லாமல் வழி இல்லை. செயலாளர் பதவியை விட்டுவிடுகிறேன் என்று ஒரு கடிதம் எழுதிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போனேன். பதினாறு வருடம் இருந்த பதவி. சட்டைப்பையில் கனமாகவே இல்லை.

உட்கார்ந்ததும் வழக்கம்போல் முந்தைய குறிப்புகளை வாசித்தேன். ‘நீங்கள், தாங்கள் ஆகிய சொற்கள் பன்மை. தனி ஒருவரை நோக்கி எழுதவோ பேசவோ அவை செல்லாது’ என்ற இடத்துக்கு வந்ததும் எனக்கே வாசிப்பு நின்றுவிட்டது. ராஜினாமாக் கடிதம் இருந்த அதே பையில் உன் ஜனவரிக் கடிதமும் இருந்தது. அதில் நீ எடுத்து எழுதியிருந்த வாசகத்தை வாசித்துக் காட்டினேன்.

“இதுல மூணு இடத்துல தாங்கள், தங்கள்னு இருக்கு. கமிட்டி ஒருமனதா ஒத்துக்கிட்டபடி பாத்தா, இது தனி ஒருத்தருக்கு எழுதினது இல்ல. பல பேருக்கு எழுதினது. அப்படிப் பல பேர் யாரும் அன்னைக்குக் கல்யாணம் பண்ணல. அதனால என் தங்கச்சிக்கு இன்னும் நோட்டீஸே போகல. நோட்டீஸ் இல்லாம பேரை நீக்க விதியில இடமில்ல” என்றேன்.

போதகர் பேனாவைக் கடித்துக்கொண்டிருந்தார். மற்றவர்கள் கப்பல்காரரைப் பார்த்தார்கள். அந்த வாசகம் அவருடையது. பன்மையும் அவருடையது. வலது கையால் கட்டிய முடிச்சை இடது கை அவிழ்ப்பதைப் பார்ப்பவரைப் போல உட்கார்ந்திருந்தார்.

“அன்னைக்கே அந்த வாக்கியத்துல ஏதோ தப்பு இருக்குன்னு எனக்குப் பட்டுச்சு. இலக்கணம்னு நெனச்சேன்” என்றார். பிறகு, “நான் வழிமொழியறேன். எழுதுய்யா” என்றார்.

நான் உட்கார்ந்திருக்கலாம். உட்காரவில்லை. “இலக்கணம் சரியா இருந்திருந்தாலும் அது தப்புதான். அதையும் எழுதணும்” என்றேன். யாரும் எழுது என்று சொல்லவில்லை, எழுதாதே என்றும் சொல்லவில்லை. குறிப்பேடு என் கையில்தான் இருந்தது. எழுதினேன்.

அதோடு ஆறாவது பொருள் முடிந்தது. பெஞ்ச் விஷயம் அடுத்த கூட்டத்துக்கு.

கப்பல்காரர் வெளியே வரும்போது கேட்டார்: “உன் தங்கச்சி வந்தா என்கிட்ட பேசுமா?” பேசுவாள், ஆனால் எந்தச் சொல்லில் என்று தெரியாது என்றேன்.

தம்ளர் படம் இத்துடன். குண்டூசிக்குத் தெரிந்தேதான் அனுப்புகிறேன்.

அண்ணன்


மார்ச் 30

அண்ணா,

நீ ஒரு வக்கீலாகப் போயிருக்க வேண்டியவன். கண்ணாடி விற்றுக்கொண்டிருக்கிறாய்.

படத்தை அலமாரிக் கதவில் ஒட்டியிருக்கிறேன். தம்ளருக்குள் தண்ணீர் முக்கால்தான் இருக்கிறது, கவனித்தாயா? ததும்பினால் சிந்தும் என்று விட்டிருக்கிறாள். எந்தப் பக்கத்துப் புத்தி என்று தெரியவில்லை, நம் பக்கத்தது அல்ல.

ஆராதனை முறை இத்துடன். முதலில் யாருக்கும் வம்பில்லாமல் நீ, நீர், நீங்கள் எதுவுமே வராமல் எழுதப் பார்த்தேன். தமிழில் அது நடக்காது. பெயரை மறைத்தால் வினைச்சொல் காட்டிக்கொடுத்துவிடுகிறது. ‘தா’ என்றாலும் மாட்டிக்கொள்வோம், ‘தாரும்’ என்றாலும் மாட்டிக்கொள்வோம்.

எனவே இப்படி. பாட்டுகளிலும் எல்லோரும் சேர்ந்து சொல்லும் ஜெபத்திலும் ‘நீர்’ இருக்கட்டும். டிரைவருக்காக. நம் எல்லோருக்கும் ஒரு நாள் தேவைப்படலாம். பிள்ளைகளுக்கு முதல் வகுப்பிலேயே, இது தண்ணீர் இல்லை என்று சொல்லிக் கொடுங்கள். அரை நிமிட வேலை, இத்தனை வருடம் யாரும் செய்யவில்லை. போதகர் தன் வாயால் ஜெபிக்கும்போது எப்படி வருகிறதோ அப்படி. வீட்டு ஓனர் மாதிரி கேட்டாலும் பரவாயில்லை, ஓனர் நல்லவர் என்றுதானே நம்புகிறோம். நடுவே இரண்டு நிமிடம் மௌனம் போட்டிருக்கிறேன். அவரவர் அவரவருக்கு வரும் சொல்லில் பேசிக்கொள்ளலாம். அந்த இரண்டு நிமிடத்துக்குக் குறிப்பேடு வேண்டாம்.

ஏப்ரல் இரண்டாவது ஞாயிறு வருகிறேன். அவரும் வருகிறார். உள்ளே வந்து உட்காருவாரா என்று தெரியவில்லை. ஆனால் பதினோரு வருடமாக ஒரு பெஞ்ச் ஆடுகிறது என்று சொன்னதிலிருந்து சரியாகச் சாப்பிடவில்லை. பை நிறையச் சாமான் எடுத்து வைத்திருக்கிறார்.

கப்பல்காரரிடம் சொல்: பேசுவேன். அவருக்கு மட்டும் ‘நீர்’.

தங்கை

பி.கு. உன் எண்ணுக்குப் போட்டிருந்த அடைப்பை எடுத்துவிட்டேன். ஆனால் போன் செய்யாதே. போனில் பேசினால் நமக்கு இரண்டு நிமிடத்தில் சண்டை வந்துவிடும். கடிதத்தில் ஒரு வாரமாவது ஆகிறது.


ஏப்ரல் 15

அன்புள்ள தங்கைக்கு,

நீ ஊர் திரும்பிய பிறகு குறிப்பேட்டை எழுதி முடித்தேன். உனக்கும் ஒரு நகல் இருக்க வேண்டும் என்பதால், முக்கியமானவை மட்டும்.

ஞாயிறு ஆராதனைக்கு வந்தவர்கள் நூற்றுப் பதினெட்டுப் பேர். மௌனம் இரண்டு நிமிடம் என்று போட்டிருந்தாய். போதகர் கடிகாரத்தைப் பார்க்க மறந்துவிட்டதால் ஐந்து நிமிடம் நடந்தது. ஆட்சேபம் வரவில்லை. பாடகர் குழுவும் சபையும் ஒரே நேரத்தில் ஆமென் சொன்னார்கள். இரண்டாம் பாட்டில் சுருதி தப்பியது நான். உனக்காகத்தான் என்று எழுதிக்கொள்ள ஆசை, ஆனால் எப்போதும் தப்புவதுதான்.

கப்பல்காரர் உன்னிடம், “நல்லாயிருக்கியாம்மா?” என்று கேட்டதற்கு நீ, “நீர் எப்படி இருக்கிறீர்?” என்று கேட்டதை அவர் இன்றுவரை எல்லோரிடமும் சொல்லிச் சிரித்துக்கொண்டிருக்கிறார். அப்போது அழுதார் என்பதைச் சொல்வதில்லை.

குண்டூசி உன்னை முதல் பார்வையிலேயே ‘நீ’ என்றுவிட்டாள். கண்டிக்கலாமா என்று என் மனைவி கேட்டாள். வேண்டாம் என்றேன்.

மச்சானின் ஸ்பேனர் ஒன்று சர்ச்சில் கிடக்கிறது. அடுத்த முறை வரும்போது எடுத்துக்கொள்ளட்டும்.

பதிவேட்டில் உன் இருநூற்றுப் பன்னிரண்டாம் எண்ணுக்கு எதிரே சிவப்பு மையில் நான் போட்ட கோட்டின் மேல், ‘இந்தக் கோடு செல்லாது’ என்று எழுதிக் கையெழுத்திட்டேன்.

மூன்றாம் பெஞ்ச் இப்போது ஆடுவதில்லை. கப்பல்காரர் நான்காம் பெஞ்சுக்கு மாறிவிட்டார்.

அண்ணன்